ஃபிரிட்ஸ் ஹேபர்: நான் சொல்லாமல் விட்ட பாதிக் கதை



போன பள்ளி விடுமுறையில் நம்ம கிளை நடத்திய இளைஞர் முகாமில் எனக்கு அரை மணி நேரம் கொடுத்தாங்க. ஓர் அறிவியலாளரைப் பற்றிப் பேசணும். நான் படிப்பது வேதிப்பொறியியல், மூன்றாம் ஆண்டு. அதனால் யாரைப் பற்றிப் பேசுவது என்று ரொம்ப யோசிக்கவில்லை. ஃபிரிட்ஸ் ஹேபர். காற்றிலிருந்து உரம் செய்யும் வழியைக் கண்டுபிடித்த ஜெர்மானியர்.

என் பாட்டியிலிருந்துதான் பேச்சை ஆரம்பித்தேன். பாட்டி செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்தவர். மூட்டையைப் பிரித்து, வாளியில் அள்ளி, ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வீசிக்கொண்டே நடக்கணும். உப்பு மாதிரி வெள்ளையாக இருக்குமாம். வியர்வையில் பட்டால் கை எரியுமாம். அந்த வெள்ளை உரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன் எங்கிருந்து வந்தது தெரியுமா, நாம் மூச்சு விடும் இதே காற்றிலிருந்து என்று சொன்னதும் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1913 வரைக்கும் கதையைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நல்ல கைதட்டல்.

கேள்வி நேரத்தில் படிவம் நான்கு படிக்கும் தங்கச்சி ஒருத்தி எழுந்தாள். அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு அண்ணா என்று கேட்டாள். நோபல் பரிசு கிடைத்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அது பொய் இல்லை. ஆனால் பதிலும் இல்லை. மீதி என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும். கைதட்டலைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை, அவ்வளவுதான். அந்தத் தங்கச்சிக்கு நான் கொடுக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை. முதலிலிருந்தே சொல்கிறேன்.

சாயக் கடைக்காரர் மகன்

ஹேபர் 1868 டிசம்பர் 9ஆம் நாள் பிரஷ்யாவின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்தார். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது, பெயர் விரோட்ஸ்வாஃப். யூதக் குடும்பம். அப்பா சாயமும் மருந்துச் சரக்கும் விற்கும் வணிகர். பிரசவத்தில் ஏற்பட்ட கோளாறால், குழந்தை பிறந்து மூன்றே வாரத்தில் அம்மா இறந்துபோனார். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்தே போகவில்லை என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்தக் கால ஜெர்மனியில் யூத இளைஞன் படிக்கலாம், வியாபாரம் செய்யலாம். ஆனால் பேராசிரியர் பதவி, இராணுவ அதிகாரி பதவி என்று மேலே போகப் போகக் கதவுகள் சாத்திக்கொள்ளும். ஹேபர் 1891இல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே கிறிஸ்தவராக மாறினார். அவர் தலைமுறையில் படித்த யூதர்கள் பலர் இப்படி மாறினார்கள். தன்னை முழு ஜெர்மானியனாக நாடு ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவருக்குள் எப்போதும் இருந்தது. சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்த ஆசை புரியாமல் போகாது. இந்த ஆசையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுக்க அது வரும்.

1894இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் உதவியாளராகச் சேர்ந்தார். கடுமையான உழைப்பாளி. ஒன்றை எடுத்தால் ராத்திரி பகல் பார்க்கமாட்டார். 1901இல் கிளாரா இம்மர்வாரைத் திருமணம் செய்தார். கிளாரா சாதாரணப் பெண் இல்லை. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் 1900இல் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய ஆய்வு மெல்ல மெல்ல நின்றுபோனது. 1902இல் மகன் ஹெர்மன் பிறந்தான். வீடு, விருந்தாளிகள், பிள்ளை என்று கிளாராவின் நாள்கள் போயின. கணவரின் பெயர் மட்டும் வளர்ந்தது.

காற்றில் இருக்கு, கைக்கு எட்டல

இப்போ கொஞ்சம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, கொஞ்சம்தான்.

தனிம அட்டவணையின் வலது பக்கத்தைப் பாருங்கள். அதற்குப் பி-தொகுதி என்று பெயர். அங்கே மேல் மூலையில் அலோகங்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். 15ஆம் தொகுதியின் தலையில் நைட்ரஜன். 17ஆம் தொகுதியில் ஃபுளோரினுக்குக் கீழே குளோரின். ஹேபரின் வாழ்க்கையே இந்த இரண்டு தனிமங்களின் கதைதான்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். செடிக்கும் நமக்கும் புரதம் உண்டாக நைட்ரஜன் வேண்டும். ஆனால் காற்றில் இருக்கும் நைட்ரஜனைச் செடி நேரடியாக எடுக்க முடியாது. காரணம், இரண்டு நைட்ரஜன் அணுக்கள் ஒன்றையொன்று முப்பிணைப்பால் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். மின்னல் அடித்தால் உடையும். அவரை மாதிரிச் செடிகளின் வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா உடைக்கும். மற்றபடி அது யாரையும் கண்டுகொள்ளாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பா தன் வயலுக்கு நைட்ரஜனை எங்கிருந்து வாங்கியது தெரியுமா? தென் அமெரிக்காவில், சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் கிடந்த நைட்ரேட் உப்பிலிருந்து. கப்பல் கப்பலாக வந்தது. அது ஒரு நாள் தீர்ந்துபோகும், அப்போது கோதுமை தின்னும் நாடுகள் பட்டினி கிடக்கும் என்று 1898இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ் எச்சரித்தார். வேதியியலாளர்கள்தான் காற்றிலிருந்து நைட்ரஜனை இறக்கிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதே நைட்ரேட் உப்பிலிருந்துதான் வெடிமருந்தும் செய்தார்கள். உரமும் குண்டும் ஒரே மூட்டையிலிருந்து வந்தன.

துளித்துளியாக

நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்தால் அமோனியா. தாளில் எழுதினால் ஒரு வரி. ஆனால் இது மீள்வினை, அதாவது இரண்டு பக்கமும் ஓடும் வினை. அமோனியா உண்டாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. அதனால் சூட்டைக் குறைத்தால்தான் அமோனியா அதிகம் தங்கும். ஆனால் சூட்டைக் குறைத்தால் வினையே நகராது. சூட்டை ஏற்றினால் நகரும், உண்டான அமோனியா திரும்ப உடைந்துபோகும். இப்படிப் போனால் அப்படி மாட்டும்.

ஹேபர் முதலில் செய்த சோதனையில் 1,000 டிகிரி செல்சியஸ் அளவில் மிகச் சொற்பமான அமோனியாதான் கிடைத்தது. இது ஆகாத காரியம் என்று கிட்டத்தட்ட விட்டுவிட்டார். 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த அறிவியல் கூட்டத்தில் வால்தர் நெர்ன்ஸ்ட் என்ற பெரிய வேதியியலாளர், ஹேபரின் எண்கள் தப்பு என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். ஹேபருக்கு அது பெரிய அவமானம். அந்தக் கோபத்தில்தான் மறுபடியும் ஆய்வுக்கூடத்துக்குள் போனார்.

கூடவே ராபர்ட் லெ ரொசிஞோல் என்ற இளம் உதவியாளர் இருந்தார். ஜெர்சி தீவுக்காரர். உயர் அழுத்தத்தைத் தாங்கும் கருவியை வடிவமைத்துச் செய்ததில் இவர் பங்கு பெரியது. நான்கு பங்கு வாயு சேர்ந்து இரண்டு பங்கு வாயுவாக மாறுகிறது. அப்படியென்றால் அழுத்தத்தைக் கூட்டினால் வினை அமோனியா பக்கம் சாயும். இதுதான் கணக்கு. ஏறத்தாழ 200 மடங்கு வளிமண்டல அழுத்தம், 500 முதல் 600 டிகிரி வரை சூடு, ஆஸ்மியம் என்ற அரிய உலோகம் வினையூக்கி. உண்டான அமோனியாவைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மிச்ச வாயுவைத் திரும்பவும் உள்ளே சுற்றவிட வேண்டும். இந்தச் சுற்றுதான் ஹேபரின் உண்மையான மூளை வேலை. ஒரு தடவையில் சில விழுக்காடுதான் மாறும். பரவாயில்லை, திரும்பத் திரும்பச் சுற்றட்டும்.

1909 ஜூலை 2. பிஏஎஸ்எஃப் நிறுவனத்திலிருந்து கார்ல் போஷும் ஆல்வின் மிட்டாஷும் பார்க்க வந்தார்கள். ஆரம்பிக்கும்போதே கருவியில் ஒரு போல்ட் உடைந்தது. சரிபார்க்கச் சில மணி நேரம் ஆனது. போஷ் கிளம்பிவிட்டார். மிட்டாஷ் மட்டும் காத்திருந்தார். கடைசியில் கண்ணாடிக் குழாயில் அமோனியா துளித்துளியாக இறங்கியதை அவர்தான் பார்த்தார்.

துளியைத் தொழிற்சாலையாக்கியவர் போஷ். இந்த இடம் வந்தால் பொறியியல் மாணவனான எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆஸ்மியம் உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறது. மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, சுவீடன் இரும்புத் தாது ஒன்றை வைத்து மலிவான வினையூக்கியைக் கண்டுபிடித்தது. அடுத்த தலைவலி உலைக்குழாய். சூடும் அழுத்தமும் சேர்ந்தபோது ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து, அதிலிருக்கும் கரிமத்தைத் தின்றது. எஃகு நொறுங்கி, குழாய் வெடித்தது. போஷ் உள்பக்கம் மென்மையான இரும்பு உறை போட்டு, வெளி எஃகில் சின்னச் சின்னத் துளைகள் போட்டார். உறையைத் தாண்டிக் கசியும் ஹைட்ரஜன் எஃகைத் தாக்காமல் துளை வழியாக வெளியே போய்விடும். எவ்வளவு எளிய யோசனை!

1913 செப்டம்பரில் ஓப்பாவ் தொழிற்சாலை ஓட ஆரம்பித்தது. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வேண்டிய உணவு, இந்த வழியில் செய்த உரத்தால்தான் விளைகிறது என்று கணக்கிடுகிறார்கள். நம்ம உடம்பில் இருக்கும் நைட்ரஜனிலும் பெரும் பங்கு ஏதோ ஓர் அமோனியா உலை வழியாக வந்ததுதான். பாட்டியின் வாளியில் இருந்ததும் இதுவே.

முகாமில் இங்கேதான் நிறுத்தினேன்.

இரண்டாவது தனிமம்

1911இல் ஹேபர் பெர்லினுக்குப் போனார். டாலெம் பகுதியில் கைசர் வில்ஹெல்ம் கழகம் புதிதாகக் கட்டிய இயற்பியல் வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு அவர்தான் இயக்குநர். சாயக் கடைக்காரர் மகன் பேரரசரின் அறிவியலாளர் ஆகிவிட்டார்.

1914இல் முதல் உலகப் போர் வந்தது. பிரிட்டிஷ் கடற்படை வழியை மறித்ததும் சிலி நைட்ரேட் ஜெர்மனிக்கு வருவது நின்றது. உரத்துக்காகப் பிறந்த அமோனியாவை நைட்ரிக் அமிலமாக மாற்றி வெடிமருந்து செய்தார்கள். இது இல்லாவிட்டால் ஜெர்மனியின் குண்டுகள் சீக்கிரமே தீர்ந்துபோயிருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். சரி, அது ஹேபர் கையை மீறிப் போனது என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்து வருவதற்கு அப்படிச் சொல்ல முடியாது.

குளோரின் வேண்டும் என்று ஹேபரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவரே முன்வந்தார். பதுங்குகுழிகளில் இரண்டு பக்கமும் முடங்கிக் கிடந்த போரை வேதியியலால் முடிக்கலாம் என்று நினைத்தார். போரில் நஞ்சைப் பயன்படுத்தக்கூடாது என்ற ஹேக் உடன்படிக்கையில் ஜெர்மனியும் கையெழுத்திட்டிருந்தது. சாவு எந்த ஆயுதத்தால் வந்தாலும் சாவுதான், போர் சீக்கிரம் முடிந்தால் உயிர்கள் மிஞ்சும் என்பது அவர் வாதம். அமைதிக் காலத்தில் அறிவியலாளன் உலகத்துக்குச் சொந்தம், போர்க் காலத்தில் நாட்டுக்குச் சொந்தம் என்பது அவர் நம்பிக்கை.

ஏன் குளோரின்? அதற்கும் வேதியியல்தான் காரணம். சாயத் தொழிற்சாலைகளில் அது மலிவாகக் கிடைத்தது. அழுத்தினால் திரவமாகி உருளையில் அடங்கும். திறந்தால் பச்சை கலந்த மஞ்சள் வாயு. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், அதனால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பள்ளங்களில் இறங்கும். பதுங்குகுழி ஒரு பள்ளம்தானே. நுரையீரலின் ஈரத்தில் பட்டதும் அமிலமாக மாறும். உள்ளே நீர் கோத்து, தரையிலேயே மூழ்கிச் சாவது போன்ற சாவு.

ஹேபர் தானே போர்முனைக்குப் போனார். உருளைகளைப் புதைப்பதை மேற்பார்வை பார்த்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஓட்டோ ஹான், ஜேம்ஸ் ஃபிராங்க், குஸ்தாவ் ஹெர்ட்ஸ் போன்ற இளம் அறிவியலாளர்களும் அந்த வாயுப் படையில் இருந்தார்கள். சரியான காற்றுக்காகப் பல நாள் காத்திருந்தார்கள்.

1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ரே நகருக்கு அருகே, ஏறத்தாழ 6,000 உருளைகளின் வால்வுகளைத் திறந்தார்கள். 150 டன்னுக்கு மேற்பட்ட குளோரின் எதிரணி நோக்கி நகர்ந்தது. அந்தப் பக்கம் நின்றவர்களில் பிரெஞ்சுப் படையோடு, பிரான்ஸ் தன் காலனியான அல்ஜீரியாவிலிருந்து கொண்டுவந்த வீரர்களும் இருந்தார்கள். எதற்காக யாருடைய போரில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் எத்தனை பேர் அந்தக் குழியில் நின்றிருப்பார்கள் என்று நான் யோசித்ததுண்டு.

பேரரசர் ஹேபருக்கு இராணுவக் கேப்டன் பதவி கொடுத்தார். யூதனாகப் பிறந்ததால் இளமையில் எட்டாத அதிகாரிச் சீருடை, கடைசியில் இப்படிக் கிடைத்தது.

கிளாரா

ஈப்ரே முடிந்து பத்து நாள். 1915 மே 2ஆம் நாள் விடிகாலை, டாலெம் வீட்டுத் தோட்டத்தில் கிளாரா தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 44. முதலில் ஓடிவந்து பார்த்தது 12 வயது மகன் ஹெர்மன். மறுநாள் ஹேபர் கிழக்குப் போர்முனைக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

கிளாரா எழுதிய கடைசிக் கடிதம் எதுவும் இன்று இல்லை. வாயுப் போரை எதிர்த்துத்தான் இறந்தார் என்று சிலர் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது வேண்டாம். படித்த படிப்பு பயன்படாமல் போன வருத்தம், முறிந்துகொண்டிருந்த மணவாழ்க்கை, போர் என்று பல சுமைகள் அவர் மேல் இருந்தன. ஒரு மனிதரின் வலியை ஒரே காரணத்துக்குள் அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை இல்லை. தங்கச்சி, அன்று இதை உனக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தப் பகுதியைப் படிக்கும்போது உங்களில் யாருக்காவது மனசு கனத்தால், தனியாக வைத்துக்கொள்ளாதீங்க. வீட்டிலோ நம்ம கிளையிலோ நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

மறுத்தவர்களும் இருந்தார்கள்

அந்தக் காலம் அப்படி, எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள் என்று ஒரு பேச்சு வரும். எல்லாரும் இல்லை. மாக்ஸ் போர்ன் வாயு ஆய்வில் சேர மறுத்தார். கார்ல்ஸ்ரூவில் ஹேபரோடு வேலை பார்த்த ஹெர்மன் ஸ்டாடிங்கர், ஸ்விட்சர்லாந்திலிருந்து வாயுப் போரை எதிர்த்து எழுதினார். நாட்டுக்குத் துரோகம் செய்கிறீர் என்று ஹேபர் அவர் மேல் பாய்ந்தார். ஸ்டாடிங்கர் பிற்காலத்தில் பிளாஸ்டிக், ரப்பர் போன்ற நெடுஞ்சங்கிலி மூலக்கூறுகளின் ஆய்வுக்காக நோபல் பரிசு வாங்கினார். அப்போதே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த வேதியியலாளர்கள் இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போர் சீக்கிரம் முடியவும் இல்லை. சில மாதங்களில் எதிரணியும் குளோரினைத் திருப்பி விட்டது. பிறகு ஃபாஸ்ஜீன், மஸ்டர்ட் வாயு என்று இரண்டு பக்கமும் போட்டி போட்டன. அந்தப் போரில் வாயுவால் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பொதுவான கணிப்பு. ஹேபரின் கணக்கில் எதிராளியும் கெமிஸ்ட்ரி படித்திருப்பான் என்பது விட்டுப்போய்விட்டது.

பரிசும் பழியும்

1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசை, 1919இல், அமோனியாவுக்காக ஹேபருக்கு அறிவித்தார்கள். எதிரணி நாடுகளின் அறிவியலாளர்கள் பலர் கொதித்தார்கள். நான் முகாமில் சொன்ன ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் இவ்வளவு இருந்தது.

தோற்ற ஜெர்மனி பெரும் போர் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. கடல் நீரில் கரைந்திருக்கும் தங்கத்தைப் பிரித்து நாட்டின் கடனை அடைக்கலாம் என்று ஹேபர் பல ஆண்டுகள் பாடுபட்டார். கப்பலிலேயே ஆய்வுக்கூடம் வைத்துக் கடல் கடலாக நீரைச் சோதித்தார். பழைய கணக்குகள் சொன்னதைவிடத் தங்கம் நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாக இருந்தது. கைவிட்டார்.

1933இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. அரசுப் பணியில் இருந்த யூதர்களை நீக்கச் சட்டம் போட்டார்கள். போரில் பணியாற்றியவர் என்பதால் ஹேபருக்கு விலக்கு உண்டு. ஆனால் தன் நிலையத்தில் வேலை பார்த்த யூத அறிவியலாளர்களை அவரே வெளியேற்ற வேண்டும். அவர் செய்யவில்லை. ஏப்ரல் 30ஆம் நாள் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். மதம் மாறியும், பட்டினியைத் தீர்த்தும், நஞ்சைக் கொடுத்தும், மனைவியை இழந்தும் அவர் சேவித்த நாடு, கடைசியில் நீ எங்களவன் இல்லை என்று சொல்லிவிட்டது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சில மாதம் இடம் கொடுத்தது. அங்கே இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு அவரோடு கைகுலுக்க மறுத்ததாகச் சொல்வார்கள். பாலஸ்தீனத்தில் ஒரு பதவிக்கு அழைப்பு வந்தது. 1934 ஜனவரி 29ஆம் நாள், ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகர விடுதி ஒன்றில் மாரடைப்பால் இறந்தார். வயது 65. கிளாராவின் அருகில் தன்னை வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பிறகு மகன் ஹெர்மன் அம்மாவின் அஸ்தியைப் பாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஒரு வருடம் கழித்து மாக்ஸ் பிளாங்க் பெர்லினில் நினைவுக் கூட்டம் வைத்தார். பேராசிரியர்கள் போகக்கூடாது என்று அரசு தடை போட்டது. பலர் தங்களுக்குப் பதிலாக மனைவிகளை அனுப்பினார்கள். மண்டபம் நிறைந்தது.

இன்னும் ஒன்று பாக்கி. தானியக் கிடங்குகளில் பூச்சி கொல்ல ஹைட்ரஜன் சயனைடைப் பயன்படுத்தும் ஆய்வு ஹேபரின் நிலையத்தில் நடந்தது. அந்த வழியில் வந்ததுதான் சைக்ளோன் பி. ஹேபர் இறந்து சில ஆண்டுகள் கழித்து, நாஜிகள் வதைமுகாம்களில் அதையே மனிதர்கள் மேல் பயன்படுத்தினார்கள். அங்கே கொல்லப்பட்டவர்களில் ஹேபரின் உறவினர்களும் உண்டு.

என் கணக்கில் விட்டுப்போனது

இதைப் படித்துவிட்டு ஹேபர் நல்லவரா கெட்டவரா என்று கேட்பீர்கள். நானும் ரொம்ப நாள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். தனிமங்களைப் பாருங்கள். நைட்ரஜன் சோறும் ஆனது, குண்டும் ஆனது. குளோரின் ஈப்ரேயில் நுரையீரலை எரித்தது. நம்ம வீட்டுக் குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்வதும் அதே குளோரின்தான். 15ஆம் தொகுதிக்கும் 17ஆம் தொகுதிக்கும் நல்லது கெட்டது தெரியாது. தெரிய வேண்டியது வால்வில் கை வைப்பவனுக்கு.

ஹேபருக்குத் தெரியாமல் இருந்ததா? அவரைப் போலக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் அன்று உலகத்தில் கொஞ்சப் பேர். ஆனால் நாடு, பதவி, மரியாதை என்று வந்தபோது கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் எழுதினார். எதிர்க்குழியில் நிற்பவன் அந்தத் தாளில் வரவே இல்லை.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். போன செமஸ்டரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு தொழிற்சாலை வடிவமைப்புப் புரொஜெக்ட் செய்தோம். தாளில் மட்டும்தான், நிஜத் தொழிற்சாலை இல்லை. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பகுதியைச் சேர்த்தால் லாபம் வரவில்லை. கடைசி ராத்திரி அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம். எடுக்கலாம் என்று முதலில் சொன்னது நான்தான். கழிவு எங்கே போகிறது என்று விரிவுரையாளர் கேட்டபோது, அடுத்த கட்டத்தில் சேர்ப்போம் என்று சொல்லிச் சமாளித்தோம். நல்ல மதிப்பெண் வந்தது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் முகாமில் அந்தத் தங்கச்சி கேட்ட கேள்வியும் விரிவுரையாளர் கேட்ட கேள்வியும் எனக்கு ஒன்றாகத் தெரிகின்றன. அதுக்கப்புறம் என்ன ஆச்சு? இரண்டு தடவையும் நான் பாதிக் கணக்கைத்தான் காட்டினேன்.

இன்னும் ஒரு வருடத்தில் நான் வேலைக்குப் போவேன். அங்கே கழிவு தாளில் போகாது, ஆற்றில் போகும். யாராவது ஒருவர் ஒரு வரியை எடுத்துவிடச் சொல்வார். அநேகமாக நல்லவராகவே இருப்பார், நிறுவனத்தின் நன்மைக்குத்தான் சொல்வார். அன்று நான் என்ன செய்வேன் என்று இப்போதே அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த முகாமில் அந்தத் தங்கச்சி வந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு முழுக் கதையையும் சொல்வேன். பாட்டியிடம் இந்தக் கதையை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவின் பெயர் என்ன சொன்ன என்று மட்டும் திரும்பக் கேட்டார். கிளாரா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் அடுப்பில் சோறு வைத்தார்.